ரெண்டு வாசல் கூடாரம்

எங்க பக்கம் அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம். எங்க நைனாவுக்கு எழுபத்து நாலு வயசு. சர்க்கரை இருக்கு. முழங்கால் வலி இருக்கு. ராத்திரியில மூணு தடவை எழுந்து வெளியே போற வழக்கமும் இருக்கு. இத்தனையும் வச்சுக்கிட்டு, மல்லாட்டை காய் பிடிக்கிற பருவம் வந்துட்டா மனுஷன் வீட்டுல படுக்க மாட்டார். பாயைச் சுருட்டி அக்குள்ல வச்சுக்கிட்டு கொல்லைக்குக் கிளம்பிடுவார். மல்லாட்டைன்னா நீங்க சொல்ற வேர்க்கடலை. கொல்லைன்னா வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற இடம் இல்ல, எங்க ஊர்ல புன்செய் நிலத்துக்கு அதுதான் பேரு.

எங்க கொல்லை ஆரணியிலிருந்து மேற்கே, படவேடு போற பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கு. ஊரிலிருந்து ரெண்டு கிலோமீட்டர். நடுவுல ஓர் ஓடை. மழை பெய்ஞ்சா வண்டி போகாது, நடைதான். கொல்லை ஓரத்துல நின்னு கத்தினா காட்டுல எதிரொலிக்கும், அவ்வளவு பக்கம். அதனால பன்னி வரும். ஒரு கூட்டம் இறங்கிச்சுன்னா, விடியறதுக்குள்ள கால் ஏக்கரை ஏர் ஓட்டின மாதிரி புரட்டிப் போட்டுட்டுப் போயிடும். நம்ம நாலு மாச உழைப்பு அதுங்களுக்கு ஒரு ராத்திரிச் சாப்பாடு.

காட்டுப்பன்னியைச் சுட அரசாங்கம் அனுமதி கொடுத்துடுச்சேன்னு சென்னை நண்பர்கள் கேட்பாங்க. 2025 தொடக்கத்துல வந்த அந்த உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி இருக்கிற இடத்துலதான் வனத்துறைக்காரங்க சுடலாம். 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. எங்க கொல்லை அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள வருது. கரண்டு வேலி போடறவங்க இருக்காங்க. அதுல பன்னி மட்டும் சாகறதில்ல, மனுஷனும் சாகறான். அதை நாங்க நினைச்சுக்கூடப் பார்க்கறதில்ல. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான்: ஆள் படுத்துக் காவல் காக்கறது. மனுஷ வாடை, டார்ச் வெளிச்சம், அப்பப்ப ஒரு தகர டப்பா சத்தம்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துட்டு, நகராம அங்கேயே நின்னுச்சே, அந்த ராத்திரி. ஆவணி கடைசியில தாமதமா விதைச்ச மல்லாட்டை, பிடுங்க இன்னும் பத்து நாள் இருந்துச்சு. சாயங்காலமே நான் கெஞ்சினேன். "மழையில பன்னி வராது நைனா, வூட்டுக்கு வா."

"மழையிலதான்டா வரும். ஈர மண்ணு, நோண்ட சுலுவு. உனுக்கு இன்னா தெரியும்?"

நாலு மூங்கில் நட்டு மேலே ஒரு நீலத் தார்ப்பாய். அதுதான் அவருடைய மாளிகை. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தத் தார்ப்பாய் பறந்துடுச்சு. ஓடையில தண்ணி வந்துட்டதால அவரால இந்தப் பக்கம் வர முடியல, என்னால அந்தப் பக்கம் போக முடியல. மோட்டார் கொட்டாய்ல போய் நின்னிருக்கார். அது ஒரு ஆள் உட்காரக்கூட இடமில்லாத கொட்டாய், ஸ்டார்ட்டர் பெட்டியில ஈரம் இறங்கினா தொட்டாலே ஷாக். அதுக்குப் பயந்து பாதி உடம்பை வெளியே வச்சுக்கிட்டு விடியற வரைக்கும் நின்னிருக்கார். அடுத்த நாள் திருவண்ணாமலையில மலைச்சரிவுல மண்ணு இறங்கி ஏழு பேர் செத்துப்போன சேதி வந்தப்ப, நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்திருந்தேன். நைனாவுக்கு நெஞ்சுச் சளி, நிமோனியான்னு சொன்னாங்க. எட்டு நாள் இருந்தோம்.

வீட்டுக்கு வந்த மூணாம் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்தத் தார்ப்பாய் கெடைச்சுதா?"

அன்னைக்கு முடிவு பண்ணேன். இவரைத் தடுக்க முடியாது. கூடப் படுக்கத்தான் முடியும். ரெண்டு பேர் படுக்கற மாதிரி, தோள்ல தூக்கிட்டுப் போற மாதிரி, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கற மாதிரி ஒரு கூடாரம் வாங்கணும்.

கூடாரம் எங்க ஊருக்குப் புதுசு இல்ல. 1751ல ராபர்ட் கிளைவ் சண்டை போட்டதும், 1782ல அயர் கூட்டும் ஹைதர் அலியும் மோதினதும் இதே ஆரணிதான். அத்தனை படையும் இங்கதான் எங்கேயாவது டேரா போட்டிருக்கும். இன்னைக்கும் யாராவது விருந்துக்கு வந்து கிளம்பாம இருந்தா "டேரா போட்டுட்டான்"னு சொல்றோம். ஆனா டேரா வாங்கறது எப்படின்னு சொல்லித்தர ஆரணியில ஆள் இல்ல.

சென்னையில படிக்கிற அக்கா பையன் போன்லயே ஒண்ணு காட்டினான். "ரெண்டு பேர் கூடாரம், தண்ணி புகாது, 1,800 ரூபா மாமா." வாங்கினேன். நீங்க யாரும் அந்தத் தப்பைச் செய்யக் கூடாதுன்னுதான் அதைப் பத்தி விவரமா எழுதறேன்.

மார்கழிப் பட்டத்துல இறவைக்குப் போட்ட மல்லாட்டைக்கு மாசி மாசத்துல காவல் ஆரம்பிச்சோம். முதல் நாள் மழையே இல்ல. காலையில எழுந்தா நைனாவோட போர்வை நனைஞ்சிருக்கு. மேலே பார்த்தா கூடாரத்துத் துணியில உள்பக்கமா முத்து முத்தா தண்ணி. "மழையே பெய்யல, ஓட்டைன்றியே?"ன்னு நைனா சிரிக்கிறார். அது ஓட்டை இல்ல, எங்க ரெண்டு பேர் மூச்சு. வெளியே பனி, உள்ளே சூடு. பானையை மூடிச் சோறு வடிக்கும்போது மூடியில தண்ணி கோக்குமே, அதேதான். அந்தக் கூடாரம் ஒரே அடுக்குத் துணி, காத்து போக ஒரு கை அகலத்துக்கு ஜன்னல். தண்ணி புகாத துணி, உள்ள இருக்கிற தண்ணியையும் வெளியே விடாது. இது எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது.

ரெண்டாவது வாரம் சாயங்காலக் காத்துல கம்பு உடைஞ்சுது. கண்ணாடி இழைக் கம்பு. மூங்கில் மாதிரி வளைஞ்சு கொடுக்கும்னு நினைச்சேன். பிளந்து சிலாம்பு சிலாம்பா நின்னுச்சு, என் உள்ளங்கையில ரெண்டு ஏறிச்சு. மூணாவது, பங்குனியில ஒரு கோடை மழை. மேல் துணி தாங்கிச்சு. தரையில தண்ணி வந்துச்சு. நைனா முழங்காலை ஊனி எழுந்திருக்கிற இடத்துல மட்டும் குபுக்குன்னு ஈரம்.

ஆனா நைனாவுக்கு இதெல்லாம் பெரிய குறையா தெரியல. அவர் சொன்ன குறை வேற. "ராத்திரி எழுந்தா உன்னைத் தாண்டித்தான்டா போகணும். உன் மேல கால் படுது. தூங்கறவனை மிதிக்கிறது நல்லாவா இருக்குது?" எனக்குத் தெரியாம அவர் பாதி ராத்திரி எழுந்திரிக்காம அடக்கிக்கிட்டுப் படுத்திருக்கார். சர்க்கரை இருக்கிற ஆள். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு.

உடைஞ்ச கூடாரத்தை எடுத்துக்கிட்டு ஆரணிக்குப் போனேன். என்கூடப் பத்தாவது வரைக்கும் படிச்சவன் ஒருத்தன் அங்க பட்டு நெய்யறான். நாங்க ஒருத்தரை ஒருத்தர் மச்சான்னுதான் கூப்பிட்டுக்குவோம். துணின்னா அவனைத்தான் கேட்கணும்னு தோணிச்சு. குழித்தறியில கால் ரெண்டையும் குழிக்குள்ள விட்டு உட்கார்ந்திருந்தான். பாதிப் புடவை தறியில ஏறியிருந்துச்சு. நான் கொண்டுபோன துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு ஒரு தேய் தேய்ச்சான்.

"இது 190 டின்னு போட்டிருக்கான் இல்ல? ஒரு அங்குலத்துல பாவும் ஊடையும் சேர்த்து எத்தனை நூலுன்னு கணக்கு அது. நூலு எத்தனைன்னு சொல்லிட்டான். எவ்ளோ தடிமன்னு சொன்னானா?"

"டெனியர்னு இன்னொண்ணு போடறாங்க மச்சான். அது எனக்குப் புரியல."

அவன் சிரிச்சான். "டெனியர் தெரியாம ஆரணியில பொறந்தியா? 9,000 மீட்டர் நூலை எடைக்குப் போட்டா எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். நாங்க வாங்கற கச்சாப் பட்டு 20/22 டெனியர். எங்க கணக்கைத்தான் அவனும் எடுத்துக்கினு போயிருக்கான்."

இருபது வருஷமா ஆரணிப் பட்டுக்குப் பக்கத்துல வாழறேன். புவிசார் குறியீடு வாங்கின பட்டு, அதைப் பெருமையா சொல்லிக்குவோம். ஆனா மலையேறப் போறவன் முதுகுல தூக்கற கூடாரத்துக்கும் தறியில ஏறுற பட்டுக்கும் ஒரே அளவுகோல்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. விலை ஜாஸ்தியான, ரொம்ப லேசான கூடாரங்கள்ல மேல் துணி 15, 20 டெனியர். கிட்டத்தட்ட பட்டு நூல் கனம். தூக்க சுகம். ஆனா கொல்லையில முள்ளு இருக்கு, வெயில் இருக்கு. எங்களுக்கு அது ஆகாது.

ஒரு நூலைப் பிரிச்சு எடுத்து தீக்குச்சி வச்சான். "பட்டா இருந்தா முடி கருகற வாசனை வரும், சாம்பலைத் தேய்ச்சா பொடியாயிடும். பாரு, இது உருகி உருண்டையா நிக்குது. கரும்புகை வருது. பாலியஸ்டர்." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தான். "உங்க நைனா இன்னும் பீடி குடிக்கிறாரா?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லல. அவனும் மேல கேட்கல.

அவன்கிட்டக் கத்துக்கிட்டதையும், ரெண்டு மாசம் போன்ல தேடிப் படிச்சதையும், நைனாவோட முழங்காலையும் சேர்த்து ஒரு கணக்கு போட்டேன். வாங்கப் போறவங்களுக்கு உதவும்னு எழுதறேன்.

முதல்ல துணி. நைலான், பாலியஸ்டர்னு ரெண்டு. ஒரே எடைக்கு நைலான் பலம் ஜாஸ்தி, ஆனா ஈரம் குடிச்சா நீளும். சாயங்காலம் இழுத்துக் கட்டினது நடுராத்திரி தொய்ஞ்சு முகத்துல தொடும். வெயிலும் அதைச் சீக்கிரம் தின்னும். பாலியஸ்டர் தொய்யறது கம்மி, வெயிலையும் கொஞ்சம் கூடுதலா தாங்கும். நம்ம ஊருக்கு நான் பாலியஸ்டர் பக்கம். மேலே 75 டெனியர், தரைக்கு 150. துணியில சின்னச் சின்னக் கட்டம் தெரியுதான்னு பாருங்க. நடுநடுவுல ஒரு தடிச்ச நூலைப் பாவுலயும் ஊடையிலயும் ஓட்டியிருப்பாங்க, ரிப்ஸ்டாப்னு பேரு. முள்ளு குத்தினா கிழிசல் அந்தக் கட்டத்தோட நின்னுடும். "கட்டம் போட்ட புடவை மாதிரிதான், அழகுக்குப் பதிலா காவலுக்கு"ன்னான் மச்சான்.

ரெண்டாவது, தண்ணித் தாங்கல். 1,500 மில்லிமீட்டர், 3,000 மில்லிமீட்டர்னு போட்டிருப்பாங்க. அந்தத் துணி மேல ஒரு குழாயை நிறுத்தித் தண்ணி ஊத்தினா, எவ்வளவு உயரம் வரைக்கும் ஒழுகாம தாங்கும்ங்கிற கணக்கு அது. மேல் துணிக்கு 1,500, 2,000 இருந்தா மழைக்குப் போதும். தரைக்கு 3,000க்குக் குறையக் கூடாது. மழை மேலிருந்து சும்மா விழுது, முழங்கால் தரையை அமுக்குது. அமுக்கற இடத்துலதான் தண்ணி மேலே வரும். அதோட தரைத் துணி ஓரத்துல நாலு விரக்கடை மேலே ஏறி, தாம்பாளம் மாதிரி இருக்கணும். தையலுக்கு மேல உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கணும். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கிணறு.

மூணாவது, ரெண்டு அடுக்கு. உள்ளே கொசுவலைக் கூடு, அதுக்கு மேல தொடாம ஒரு மழைத்துணி. மூச்சுல வர்ற ஈரம் வலையைத் தாண்டிப் போய் மேல் துணியில கோக்கும், வழிஞ்சு வெளியே போயிடும். நம்ம மேல சொட்டறது ரொம்பக் குறையும். மேல் துணியில உச்சியில காத்துப்போக்கி இருக்கணும். குளிருதுன்னு எல்லாத்தையும் இழுத்து மூடினா பழைய கதைதான். வலை இருக்கறதால கொசுவத்தி வேண்டாம். வேண்டாம்னு இல்ல, கூடாது. மச்சான் கொளுத்திக் காட்டின அந்த உருண்டையை நினைச்சுக்கணும்.

நாலாவது, கம்பு. அலுமினியம்தான். அது வளையும், பிளக்காது. வளைஞ்சா மேலே மாட்ட ஒரு சின்னக் குழாய் கூடவே தருவாங்க, அதை மாட்டி விடியற வரைக்கும் ஓட்டிடலாம்.

அஞ்சாவது, மழையில போடறதுக்கு ஏத்ததா இருக்கணும். சிலதுல உள்கூட்டை முதல்ல கட்டி அப்புறம்தான் மேல் துணி போடணும். நாம கட்டி முடிக்கறதுக்குள்ள உள்ள குளம் கட்டிடும். மேல் துணியைத் தனியா முதல்ல நிறுத்தி, அதுக்கு அடியில உட்கார்ந்து உள்கூட்டை மாட்டற மாதிரி இருக்கறது நல்லது.

ஆறாவதா ஒரு விஷயம். "ரெண்டு பேர்"னு போட்டிருந்தா நம்பாதீங்க. பாதிக் கூடாரம் 130 சென்டிமீட்டர் அகலம். நாலேகால் அடி. ரெண்டு வந்தவாசிக் கோரைப்பாயைப் பக்கத்துல பக்கத்துல விரிச்சா அதுக்குள்ள அடங்காது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். கடையில போய் உள்ள படுத்துப் பாருங்க, வெட்கப்படாதீங்க. உட்கார்ந்தா தலை இடிக்குதான்னு பாருங்க. முழங்கால் வலிக்காரருக்கு உட்கார்ந்து எழற உயரம் ரொம்ப முக்கியம்.

கடைசியாத்தான் வாசலுக்கு வந்தேன். எடையைக் குறைக்கணும்னா கூடாரம் செய்யறவங்க முதல்ல எடுக்கறது ரெண்டாவது வாசலைத்தான். ஒரு ஜிப், ஒரு மடிப்புத் துணி, இருநூறு கிராம் மிச்சம். முதுகுல தூக்கறவனுக்கு அது லாபம். எனக்கு நைனா அடக்கிக்கிட்டுப் படுத்திருந்த ராத்திரிகள்தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் வாசல் இருக்கறதைத்தான் வாங்கறதுன்னு முடிவு பண்ணேன். மொத்த எடை மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. விலை 9,000 ரூபாய்க்குப் பக்கம். வீட்டுல சொன்னப்ப எங்க அம்மா, "அந்தக் காசுக்கு ஒரு கொட்டாயே போடலாமே"ன்னாங்க. போடலாம். ஆனா கொட்டாய் ஒரே இடத்துல நிக்கும். பன்னி ஒரே பக்கமா வராது. ராத்திரிக்கு ஒரு மூலைக்கு இடம் மாத்தணும்னா கூடாரம்தான்.

2025 ஆனி மாசம் வந்து சேர்ந்துச்சு. வந்த அன்னைக்கே களத்துல கட்டி, மோட்டார் தண்ணியைப் பெரிய ஹோஸ்ல பிடிச்சு மேலே அடிச்சேன். கால் மணி நேரம். உள்ளே பழைய தினத்தந்தியை விரிச்சு வச்சிருந்தேன். ஒரு மூலைத் தையல்ல மட்டும் பேப்பர் நனைஞ்சுது. அதுக்குன்னு ஒரு பசை விக்கிறாங்க, வாங்கிப் பூசினேன். சோதிக்காம எந்தக் கூடாரத்தையும் மழைக்கு எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. கடைக்காரன் சொல்றது ஒண்ணு, தையக்காரன் கை போனது ஒண்ணு.

நான் முளையை நேரா அடிச்சுக்கிட்டு இருந்தேன். நைனா கட்டில்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். தாங்க முடியல அவருக்கு. எழுந்து வந்தார்.

"மாட்டுக்கு முளை அடிச்சதே இல்லியாடா நீ? நேரா அடிச்சா புடுங்கிக்கினு போயிடும். தலை வெளிப்பக்கம் சாயணும். கயிறு இந்தப் பக்கம் இழுக்கணும், முளை அந்தப் பக்கம் சாயணும்."

அவரே அடிச்சுக் காட்டினார். சாஞ்ச முளை, தலைக்கு மேல ஒரு கருங்கல்லு. மண்ணு சேறா இருக்கிற இடத்துல முளை நிக்காதுன்னு ஒரு விறகுக் கட்டையில கயிறைக் கட்டி, அதைப் படுக்க வச்சுப் புதைச்சார். கயிறுல அவர் போட்ட முடிச்சு ஒரு இழுப்புல இறுகும், ஒரு இழுப்புல அவிழும். மாட்டுக்குப் போடற முடிச்சுதான். கூடாரத்தோட வந்த விளக்கத் தாளைப் பல தடவை படிச்ச எனக்கு, அவர் அஞ்சு நிமிஷத்துல பாடம் நடத்திட்டார். அன்னையிலிருந்து அது என் கூடாரம் இல்ல, அவருடையது.

இடம் பார்க்கறதும் அவர்தான். ஓடைப் பக்கம் போகவே கூடாது. மலையில பெய்ஞ்சா இங்க வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணி வரும். தனி மரத்தடி கூடாது, இடி. பனமரத்தடி கூடாது, மட்டை விழும். வேலியோரம் கூடாது, பாம்பு. கொஞ்சம் மேடா, தண்ணி ரெண்டு பக்கமும் வழியற இடம். வாசல் காத்துக்கு எதிரா இருக்கக் கூடாது.

ஒரு வருஷம் எல்லாக் காலத்தையும் பார்த்துட்டோம். ஆடிக் காத்துல கயிறு எல்லாத்தையும் கட்டினதால கம்பு வளைஞ்சு நிமிர்ந்துச்சே தவிர உடையல. ஐப்பசியில ஒரு ராத்திரி முழுக்க அடை மழை. வெளியே வாசத் துணிக்கு அடியில வச்ச செருப்பு மட்டும் நனைஞ்சுது. மார்கழிப் பனியில மேல் துணியின் உள்பக்கம் ஈரம் கோத்துச்சு, பாய்க்கு வரல. சித்திரையில மேல் துணியைக் கழட்டிட்டு வெறும் வலைக்கூட்டுல படுத்தோம். கொசு வெளியே, நட்சத்திரம் உள்ளே.

நம்ம ஊர்ல கூடாரத்துக்கு மழை ரெண்டாவது எதிரிதான், முதல் எதிரி வெயில். பகல்ல கட்டினபடி விட்டீங்கன்னா ரெண்டு வருஷத்துல துணி காகிதமாயிடும். விடிஞ்சதும் அவிழ்த்துடணும். இன்னொரு எதிரி, ஈரத்தோட சுருட்டி வைக்கிறது. உள்ள பூசியிருக்கிற பூச்சு ஈரத்துலயும் உஷ்ணத்துலயும் பிசுபிசுன்னு ஆகி, நாத்தம் எடுத்து, தோல் உரியற மாதிரி உரியும். நிழல்ல காயப்போட்டு, பையில திணிக்காம, ஒரு பழைய வேட்டியில தளர்த்தியா முடிஞ்சு வைங்க.

மலைக்குப் போறதுக்காக வாங்கற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையோ பர்வதமலையோ, காப்புக்காட்டுக்குள்ள நினைச்ச இடத்துல கூடாரம் அடிக்க முடியாது. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயை மறந்துடாதீங்க. வனத்துறை அனுமதி வாங்கி, அவங்க சொல்ற இடத்துல படுங்க. எங்க ஊர் ஏரிக்கரையில கட்டறதா இருந்தாலும் பக்கத்துக் கழனிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. வேண்டாம்னு சொல்ல மாட்டார், மோரும் கொடுப்பார். கேட்காமப் படுத்தா பன்னின்னு நினைச்சு டார்ச் அடிச்சுக் கல்லு விடுவார்.

உடைஞ்ச பழைய கூடாரம் என்ன ஆச்சுன்னு சொல்லலையே. ஐப்பசி மழையில ஆரணிக்குப் போனப்ப மச்சான் வீட்டுல தறி நின்னிருந்துச்சு. குழித்தறிக்கு மழைன்னாலே பயம். ஓடு வழியா சொட்டும், குழிக்குள்ள கீழேயிருந்தும் ஊத்து எடுக்கும். தெருவுல பாவு இழுத்து நீட்டவும் வழியில்ல. தறி நின்னா கூலி நின்னுச்சு. அடுத்த நாள் அந்த மேல் துணியை எடுத்துக்கிட்டுப் போய் ஓட்டுக்கு அடியில தறிக்கு மேல கட்டினோம். நைனா சொல்லிக்கொடுத்த முடிச்சு. கீழே ஊறுற தண்ணிக்கு அது ஒண்ணும் பண்ணாது. ஆனா மேலிருந்து பட்டுல சொட்டறது நின்னுது. 1,800 ரூபாய் வீண் போகல.

நைனா விஷயம். பீடி பத்தி நான் எதுவும் சொல்லல. சொன்னா நடக்காதுன்னு தெரியும். அந்த நூலையும் தீப்பெட்டியையும் ஒரு சாயங்காலம் அவர் முன்னாடி வச்சு, மச்சான் செஞ்ச மாதிரியே கொளுத்திக் காட்டினேன். அந்தக் கருப்பு உருண்டையை ரொம்ப நேரம் கையில உருட்டிக்கிட்டு இருந்தார். இப்பவும் குடிக்கிறார். ஆனா எழுந்து அவர் வாசல் வழியா வெளியே போய், வரப்புல உட்கார்ந்து குடிச்சுட்டு வர்றார்.

எட்டு வயசுல அவர் பக்கத்துல படுத்தது. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு இப்பத்தான் படுக்கறேன். வீட்டுல ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசற மனுஷன், கூடாரத்துக்குள்ள விளக்கை அணைச்சதும் பேச ஆரம்பிச்சுடறார். இந்தக் கொல்லையை அவருடைய நைனா எப்படி வாங்கினார், எந்த வரப்பு யாரோட தகராறு, எந்த வருஷம் கிணத்துல தண்ணி படி வரைக்கும் இருந்துச்சு. நான் பாதியில தூங்கிடுவேன். அவருக்கு அதுவும் தெரியும், நிறுத்த மாட்டார்.

நேத்து ராத்திரி ஒரு மணிக்கு அவர் பக்கத்து ஜிப் சத்தம் கேட்டு முழிச்சேன். வெளியே பனி. டார்ச் வெளிச்சம் ஒரு சுத்துச் சுத்தி வந்துச்சு. தகர டப்பா ரெண்டு தட்டு. அப்புறம் ஜிப் மூடற சத்தம்.

"பன்னியா நைனா?"

"ஒண்ணுமில்ல, நீ தூங்கு"ன்னார்.